விசில் ஓய்வில் இருக்கிறாள்

ஜனவரி 12

அன்பு விசிலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குச் சுகம். என் மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் மைக் செட் போட்டிருந்தேன். பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் இருந்த உன் அம்மாவிடம், "ஐயா இன்னைக்கு முடிக்கிற மாதிரி தெரியல, பசியில காது அடைக்குது"ன்னு மெதுவாகச் சொன்னேன். என் கையிலிருந்த மைக் ஆனில் இருந்திருக்கிறது. வாசல் மரத்தில் நான் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கரும் தெருக்கோடிவரை அதைச் சொல்லிவிட்டன. இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் மைக் செட் போடுகிறவன்! நம் போதகர் ஐயா கோபப்படவில்லை. "மைக் செட்காரருக்குப் பசிக்குது, ஜெபம் பண்ணி முடிப்போம்" என்றார். சபையே குலுங்கியது. உன் அம்மா இன்னும் என்னோடு சேர்ந்து நடப்பதில்லை, பத்தடி பின்னாலேயே வருகிறாள்.

உன் புகுந்த வீட்டுச் சபையில் சகோதரிகளின் போனையெல்லாம் அதன் தலைவரான மூப்பர் வாங்கி வைத்துக்கொண்டதில் எனக்கு ஒரு லாபம். ஒன்பதாம் வகுப்போடு விட்டுப்போன எழுத்து திரும்பி வருகிறது. கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

நீயும் கடுகும் வந்துவிட்டுப் போனதிலிருந்து அம்மாவுக்கு அதே பேச்சு. வெளியாட்களோடு பந்தியில் உட்காரக் கூடாது என்பது உங்கள் சட்டம். சரி. நீ உன் டிபன் கேரியரோடு கூடத்தில், நாங்கள் அடுக்களையில். பெற்றவர்கள் எப்போது வெளியாட்கள் ஆனோம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து ஒரு வாய் நீட்டினாளே, நீயும் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தாயே! இரண்டாவது வாய்க்கு நீயே அவள் தட்டில் கையை வைத்தாய். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கள்ளி. கடவுள் அதைப் பார்த்திருந்தால் அவருக்கும் பசித்திருக்கும்.

அம்மாவுக்குத் தொண்டை வலி விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறோம்.

இதை மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. மனுஷன் கொஞ்சம் சிரிக்கட்டும்.

பேத்தி கடுகுக்கு ஆயிரம் முத்தம்.

அன்புடன்
அப்பா


பிப்ரவரி 3

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் வாசித்துவிட்டார். மூப்பரும் வாசித்தார். இப்போது என்னை ஓய்வில் வைத்திருக்கிறார்கள். கடுகு அவள் அப்பா கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். நான்கு வயதுக்குச் சமர்த்து.

அப்பா, இனி எழுதும்போது கடைத்தெருவில் நடந்ததை எழுதுங்கள். மைக் செட் கதை எழுதுங்கள். வீட்டுக்குள் நடந்தது வேண்டாம்.

அம்மா தொண்டைக்கு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்?

உங்கள்
விசில்


பிப்ரவரி 10

அன்பு விசிலுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் பார்த்து நான் துள்ளிக் குதித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மற்றபடி சுகம்.

உன்னை ஓய்வில் வைத்திருக்கிறார்களா! அடி கள்ளி, விசேஷத்தை இப்படியா சுற்றி வளைத்துச் சொல்வது? கடுகுக்குத் தம்பியா தங்கையா? கடுகைக்கூட மாப்பிள்ளையே ஊட்டிவிடுகிறார் என்றால் அவரைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு. நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மாவை நான் ஒருநாள்கூட உட்காரவிட்டதில்லை, வயர் சுற்றக் கூப்பிடுவேன். நான் கேட்டுக்கொண்டதாக மாப்பிள்ளையிடமும் மூப்பரிடமும் சொல்: அவசரப்பட்டு உன்னை எழுப்பிவிட வேண்டாம். இன்னும் இரண்டு மாசமாவது நன்றாக ஓய்வு கொடுக்கட்டும். பெற்றவன் கையெடுத்துக் கேட்கிறேன் என்று சொல்.

இனி சிரிப்பில்லாத செய்தி. அம்மா தொண்டையில் இருப்பது கெட்ட கட்டி. மே ஆறாம் தேதி ஆபரேஷன். அதற்குப் பிறகு வாய்வழியாகச் சாப்பிட முடியாதாம், வயிற்றில் குழாய் வைப்பார்களாம். இவள் அழவில்லை. "அதுக்கு முன்னாடி அவளோட ஒரே பந்தியில உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும், வேற ஒண்ணும் வேணாம்" என்கிறாள். அன்று நீ சாப்பிட்ட இரண்டு வாய் அவளுக்குப் போதவில்லை.

ஆகவே ஏப்ரல் கடைசியில் வா. சட்டம் இருக்கிறது, தெரியும். ஆனால் சாப்பாட்டுத் தட்டுக்குக் காவல் நிற்கவா நம் ஆண்டவர் உயிரைக் கொடுத்தார்? நான் படிக்காதவன், எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அன்புடன்
அப்பா


பிப்ரவரி 24

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

சமாதானம் உண்டாகட்டும். தங்கள் சுகத்தையும் அத்தையின் சுகத்தையும் அறிய ஆவல்.

தாங்கள் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் போலிருக்கிறது. எங்கள் சபையில் ‘ஓய்வு’ என்பது ஒழுங்கு நடவடிக்கை. சுத்தமில்லாத பந்தியில் கை வைத்தவர், சபையாரின் பந்தியிலிருந்தும் பேச்சிலிருந்தும் ஓய்ந்திருக்க வேண்டும். தங்கள் மகள் தனித் தட்டில், பின்கட்டில் சாப்பிடுகிறாள். வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை. குழந்தையும் அப்படியே. இதில் கோபம் ஏதும் இல்லை, அன்பினால் செய்வது. அவளிடம் கேட்டபோது அவள் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. ஆகையால் தங்கள் கடிதத்தையே சாட்சியாக எடுத்துக்கொண்டோம். நல்ல விவரமான சாட்சி.

ஓய்வு இம்மாதத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பெற்ற தகப்பனே இரண்டு மாதம் கூட்டிக் கேட்பதை மூப்பர் சபையில் வாசித்தபோது பலர் கண் கலங்கினார்கள். தங்கள் விருப்பப்படியே கூட்டியிருக்கிறோம்.

ஓய்வில் இருப்பவருக்கு வீட்டுக் கடிதங்களைக் கையில் கொடுப்பதில்லை. சொல்லத் தக்கதை நாங்களே சபையில் அறிவிக்கிறோம். தங்கள் மகள் கர்ப்பமாக இல்லை.

தாழ்மையுடன்
தங்கள் மாப்பிள்ளை


மார்ச் 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. சுகம் விசாரிக்கக் கை வரவில்லை, மன்னிக்கவும்.

எங்கள் பேச்சில் ஓய்வு என்றால் காலை நீட்டிப் படுப்பது. நான் கேட்டது அதை. ஒரு முட்டாள் தெரியாமல் கேட்டதை வரமாகக் கொடுத்துவிட்டீர்களே! கூட்டியதைக் கழித்துவிடுங்கள். தண்டனை யாருக்காவது வேண்டுமென்றால் எனக்குக் கொடுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு இரண்டு மாதம் இருந்தால் இந்த ஊரே உங்களுக்கு நன்றி சொல்லும்.

எங்கள் போதகர் ஐயா ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். ஆதிச் சபையில் பெரிய அப்போஸ்தலர் ஒருவரே புறஜாதியாரோடு, அதாவது வெளியாட்களோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, சட்டக்காரர்கள் வந்ததும் பயந்து பந்தியைவிட்டு எழுந்தாராம். எல்லோர் முன்னிலையிலும் இன்னொருவர் அவரைப் பிடித்துக் கேட்டாராம். அவரைக் கேட்டது எழுந்து போனதற்குத்தான், சாப்பிட்டதற்கு இல்லை. நான் காதில் வாங்கியது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு பசியில் இருந்தேன்.

அவள் அம்மாவின் ஆபரேஷன் செய்தியை மட்டுமாவது அவளிடம் சொல்லுங்கள்.

கும்பிட்டுக் கேட்கும்
மாமா


மார்ச் 9

மகளே,

உன்னைத் தொட்டிலிலிருந்து எடுத்து ஆசீர்வதித்த போதகர் எழுதுகிறேன். சுகமாயிருக்கிறாயா? வீட்டில் எல்லோருக்கும் என் வாழ்த்து.

உன்னைக் கண்டிக்க எழுதவில்லை. உன் வீட்டாரையும் குறை சொல்லப்போவதில்லை. அவர்களும் கடவுளைப் பிரியப்படுத்தவே நினைக்கிறார்கள். ஒன்றை மட்டும் உனக்கு நினைவூட்ட வேண்டும். கூலிக்காரன் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அன்றைக்கு என்ன வேலை செய்தான் என்று பார்ப்பார்கள். பிள்ளை உட்காரும்போது பார்ப்பதில்லை. பசித்ததா என்றுதான் கேட்பார்கள். நீ பிள்ளை. உனக்கு இடம் கிடைத்தது நீ சுத்தமாக இருந்ததால் இல்லை, உன்னைப் பெற்றவர் கூப்பிட்டதால். இதைத்தான் நாம் விடுதலை என்கிறோம். இஷ்டப்படி திரிவதற்குப் பெயர் விடுதலை இல்லை. பயமில்லாமல் தகப்பன் வீட்டில் உட்காருவது விடுதலை.

நீ அன்று சாப்பிட்டது பாவமில்லை. உன் சபையை விட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன், பயத்தை விட்டு வா என்கிறேன். அதற்கு எத்தனை நாளானாலும் காத்திருப்போம்.

அம்மாவைப் பற்றி அப்பா எழுதியிருப்பார். நான் எழுத வேண்டியதில்லை.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
போதகர்


ஏப்ரல் 1

அப்பாவுக்கு,

சுகம். எல்லோரும் சுகம்.

ஐயாவின் கடிதம் வந்தது. சபையில் மூப்பர் அதை வாசித்தார். ஐயா இழுத்து இழுத்துப் பேசுவாரே, அதே மாதிரி குரலை மாற்றி வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வாசித்து முடியும்வரை நான் நின்றேன். ஒவ்வொரு வரிக்கும் மறுப்புச் சொன்னார், நான் அதைத் திருப்பிச் சொன்னேன். "பிள்ளை இல்லை, கூலிக்காரி" என்பதை மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள், சத்தம் போதவில்லை என்று.

அப்பா, விடுதலை என்ற சொல்லை நீங்களும் எழுத வேண்டாம், ஐயாவும் எழுத வேண்டாம். அந்தச் சொல் வந்தால் எனக்கு ஒரு வாரம் கூடுகிறது.

கடுகுக்கு இதெல்லாம் விளையாட்டாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. அவள் அப்பா மிட்டாய் கொடுக்கிறார்.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்று ஐயா கடிதத்தில் இருந்தது. தொண்டை சரியாகிவிட்டது என்றுதானே எழுதினீர்கள்? அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். சந்தோஷம்.

மாதம் ஒரு கடிதம் எழுத விடுகிறார்கள். அவர் பார்த்த பிறகே அனுப்புவார்.

உங்கள்
மகள்


ஏப்ரல் 8

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. சுகம். கடைத்தெருவில் நடந்ததை எழுதச் சொன்னாய். கடைத்தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. செருப்புக்கடைக்காரர் கடைத் திறப்புக்கு மைக் செட் போட்டேன். ஒரு செருப்புகூட விற்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் வந்தவர் கேட்ட அளவு அவருக்குக் காதில் விழவில்லையாம்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வேற எதையும் எழுதாதீங்க என்கிறாள். அதையும் எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளை, இதை முதலில் படிப்பது நீங்கள்தான். உங்களுக்குத்தான் இந்த ஒரு வரி. உங்கள் அத்தைக்குத் தொண்டை சரியாகவில்லை, மே ஆறாம் தேதி ஆபரேஷன், அதற்குப் பிறகு அவளால் வாயால் சாப்பிட முடியாது. இதை என் மகளிடம் சொல்லிவிடுங்கள். வேறு எந்தச் சொல்லையும் நான் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
அப்பா


ஏப்ரல் 20

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

சமாதானம் உண்டாகட்டும். அத்தையின் உடல்நிலைக்காக மனம் வருந்துகிறோம். அந்த வரியை அவளிடம் சொல்லவில்லை. ஓய்வில் இருப்பவர் மனம் கலங்கக் கூடாது என்பது ஒழுங்கு.

மூப்பர் தங்கள்மீது இரக்கப்பட்டு ஒரு வழி சொல்கிறார். அவள்மேல் உள்ள குற்றம் தங்கள் ஒருவர் சாட்சியில்தான் நிற்கிறது. மே நான்காம் தேதி தாங்கள் நேரில் வந்து, அன்று அவள் எங்கள் பந்தியில் கை வைக்கவில்லை, சிரிப்புக்காகப் பொய் எழுதினேன் என்று சபை முன் சொன்னால் குற்றம் விழுந்துவிடும். அன்றே அவள் பந்தியில் சேருவாள், குழந்தையும் பேசும். வராவிட்டால், திருந்தாதவளிடம் குழந்தை வளரக் கூடாது என்று அதை என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைக்க முடிவாகியிருக்கிறது.

எங்கள் மைக் சில நாட்களாகக் கூவுகிறது. தங்களுக்குத் தொழில் தெரியும். வரும்போது அதையும் பார்த்துக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும்.

தாழ்மையுடன்
தங்கள் மாப்பிள்ளை


மே 5

போதகர் ஐயா அவர்களுக்கு,

மைக் செட்காரன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டு அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். நேரில் வந்து சொல்லியிருக்கலாம், தெருக்கோடியில்தான் வீடு. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தோன்றியது.

நேற்று அங்கே போனேன். புறப்படும்போது என் வீட்டுக்காரி வாசல்வரை வந்தாள். இப்போது அவள் குரல் காற்று மாதிரிதான் வருகிறது. "அங்க போய் எதை வேணா சொல்லுங்க. ஆனா எனக்கு ஆபரேஷன்னு அவகிட்ட சொல்லிட்டு மட்டும் வாங்க. வர்றதும் வராததும் அவ இஷ்டம். தெரியாம இருக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன்.

சுண்ணாம்பு அடித்த நீளக் கூடம் ஐயா, சுத்தமென்றால் அப்படிச் சுத்தம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கடைசியில் சுவரோரம் ஒரு ஸ்டூலில் விசில் தனியாக. பாதி ஆகிவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வாய் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கடுகு ஓடிவந்து என் வேட்டியைப் பிடித்தாள்.

"தாத்தா, அங்க பாக்காதீங்க. அவங்க ஓய்வுல இருக்காங்க. பேசினா மிட்டாய் கெடைக்காது."

அம்மா என்று சொல்லவில்லை ஐயா. அவங்க என்றாள்.

முதலில் மைக்கைச் சரிபார்த்துக் கொடுத்தேன். ஸ்பீக்கர் மைக்குக்கு நேராக இருந்தது, திருப்பி வைத்தேன். அவ்வளவுதான் கோளாறு. மாப்பிள்ளை, "தொழில்காரர் தொழில்காரர்தான் மாமா" என்றார். பிறகு அந்த மைக்கையே என் கையில் கொடுத்தார்கள்.

சொன்னேன். "என் பொண்ணு எங்க தட்டுல கை வெக்கல. நான் சிரிப்புக்குப் பொய் எழுதினேன்." நன்றாகக் கேட்டது. மூலை முடுக்கெல்லாம் கேட்டது. நாம் உட்கார்ந்து பேசிய விடுதலையெல்லாம் அந்த இரண்டு வரியில் போயிற்று. ஆனாலும் சொன்னபோது எனக்கு வெட்கமாக இல்லை. இதைத் தாங்கள் மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி.

மூப்பர் எழுந்தார். நல்ல தாட்டியான மனிதர், இனிமையான குரல். "சகோதரி குற்றமில்லாதவர். ஓய்வு முடிந்தது" என்றார். மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார். "பொய்ச் சாட்சி சொன்னதாக இவரே ஒப்புக்கொண்டார். பொய்ச் சாட்சிக்காரர் வீட்டு வாசலைச் சபையார் யாரும் மிதிக்கக் கூடாது. கடிதப் போக்குவரத்தும் இன்றோடு சரி." மாப்பிள்ளை குனிந்து ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். முன்னமே தெரியும் போல.

அதற்குள் கடுகுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெஞ்சுக்கு நடுவே புகுந்து ஓடினாள். "ஓய்வு முடிஞ்சுதா? முடிஞ்சுதாம்மா? இப்ப பேசலாமா?" என்று தன் அம்மா மடியில் ஏறினாள். பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தவள் எடுக்கவே இல்லை. பிள்ளை மூன்றரை மாதப் பேச்சையும் மொத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. மிட்டாய், பூனை, அத்தை வீடு, எல்லாம்.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. மூப்பர், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். விசில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பெற்றவனுக்குத் தெரியாதா ஐயா? ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து வந்துவிடுவாள். வந்தால் பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டுத்தான் வர வேண்டும், பிறகு திரும்ப எடுக்க விடமாட்டார்கள்.

"ஒண்ணுமில்லீங்க. இந்த ஸ்பீக்கரை இனிமே யாரும் திருப்பாம பாத்துக்கங்க" என்றேன். அவர்களே சிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி, "சொன்னீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இன்று மத்தியானம் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். சாப்பாடு ஆறியது. "அவ இஷ்டம்னு நான்தானே சொன்னேன்" என்று கடைசியில் தன் தட்டை மட்டும் இழுத்துக்கொண்டாள். நான்கு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

யார் இஷ்டத்தையும் பிடுங்கக் கூடாது என்று தாங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். மைக்கைப் பிடித்து நின்றபோது என் வாய்வரைக்கும் வந்தது இவ்வளவுதான்:

"விசிலு, நாளன்னைக்கு அம்மாவுக்குத் தொண்டையில ஆபரேஷன். அதுக்கு முன்னாடி உன்கூட உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும்னு காத்துக்கிட்டிருக்கா."